இறங்கிய கரை

தொல்காப்பியர் நிலத்தை நால்வகையாகப் பகுத்தார். ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வமும் உணவும் மரமும் பறவையும் தொழிலும் உண்டென்றார். முதலாம் ஆண்டு விரிவுரையில் அந்தப் பட்டியலைக் குறித்துக்கொண்டிருந்த வேளையில் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில், நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் பிறந்தவன் நான். அவ்வாறாயின் நான் குறிஞ்சி நிலத்தான். ஆனால் எங்கள் மலையில் தினைப்புனம் இல்லை. கிளி கடியும் மகளிரும் இல்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலையே மலை முழுவதும் போர்த்திக் கிடக்கிறது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்திராவிட்டால் அந்தத் தேயிலையும் இந்த அளவுக்குப் பரவியிராது. பிரட்டுக் களத்தில் அடிக்கும் தப்பைக் குறிஞ்சிப் பறை என்று எந்த உரையாசிரியர் ஒப்புவார்? நான் எந்தத் திணைக்கு உரியவன் என்னும் வினாவைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

அதற்கு விடை தேடும் முன்பே என் குடும்பம் நெய்தல் நிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

நிகழ்ந்தது இதுதான். அக்காவுக்கு மன்னார் மாவட்டத்தில் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. அதற்கு முந்திய மழைக்காலத்தில் எங்கள் லயத்தின் பின்புறச் சரிவில் ஒரு வெடிப்புத் தோன்றியிருந்தது. தொடக்கத்தில் விரல் நுழையும் அளவு. பின்னர் கை நுழையும் அளவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்ட நாள் முதல், அடைமழை இரவுகளில் அப்பா உறங்குவதில்லை. இஸ்தோப்பில் அமர்ந்து பீலித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கலங்கி வந்தால் எங்களை எழுப்புவார். அவர் ஓய்வுபெற்றபோது கையிற் கிடைத்த சேமலாப நிதியோடு அக்காவின் சேமிப்பையும் சேர்த்து, பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் இருபது பேர்ச்சஸ் நிலமும் அரைகுறையாய்க் கட்டிய ஒரு வீடும் வாங்கினோம். மலையகத்தில் தனிவீட்டுக்கென ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு இருபது பேர்ச்சஸ் ஒரு சிற்றரசாகவே தோன்றியது. 

2023 டிசம்பர் விடுமுறையில் லொறியில் பொருள்களை ஏற்றினோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் நான்கு தலைமுறையாகச் சேர்ந்த பொருள்கள் அந்த லொறியில் பாதியைக்கூட நிரப்பவில்லை. 

லொறி கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று சென்றது. வரைபடத்தைக் கையில் வைத்திருந்த எனக்கு மாத்தளையைக் கடக்கும்போதுதான் அது உறைத்தது. கோப்பித் தோட்டங்களுக்கென எம் மூதாதையர் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்த அதே பாதையில் நாங்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தோம். அவர்களுள் எத்தனையோ பேர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தனர். அவ்வாண்டு ஜூலை 28 தொடக்கம் ஆகஸ்ட் 12 வரை, மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடைபயணம் சென்றிருந்தனர். அக்காவும் முதல்நாள் அவர்களோடு சிறிது தூரம் நடந்தாள். அவர்கள் பதினாறு நாளில் நடந்த வழியை எங்கள் லொறி ஒரு பகலில், எதிர்த்திசையில் கடந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் முன்றலில் வண்டியை நிறுத்தச் சொல்லி அம்மாயி சூடம் கொளுத்தினாள். "வந்த வழியா திரும்பிப் போறோம் தாயே, கோவிச்சுக்காதே" என்று அவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

புதிய வீட்டின் முதற் பாடம் மணல். மலையில் மண் என்பது காலில் ஒட்டுவது. இங்கே அது காலை உள்வாங்கிக்கொள்வது. இரண்டாம் பாடம் காற்று. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். மன்னார்த் தீவு ஒடுங்கி நீண்டு கிடப்பதால் அதற்கு இரண்டு கடல்கள்: வடக்கே பாக்குநீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. சோளகத்தில் தென்கடல் கொந்தளிக்க வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடையில் நிலைமை மாறும். அதற்கேற்ப மீனவர் வாடி மாற்றுவர். காற்றின் பெயரைச் சொல்லிக் கால அட்டவணை வகுக்கும் மக்களை நான் அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்.

மூன்றாம் பாடம் தண்ணீர். மலையில் தண்ணீர் மேலிருந்து பீலி வழியாக வரும். அதை நாம் கேட்க வேண்டியதில்லை. இங்கே அப்பா கிணற்றை ஆழமாக்கினால் நீர் பெருகும் என எண்ணி ஆள் பிடிக்கப் புறப்பட்டார். அயல்வீட்டு அம்மா வேலிக்கு அப்பால் நின்று தடுத்தார். அவர் மீனவக் குடும்பத்தவர். அறுபது வயதைத் தாண்டியவர்.

"ஆழமாத் தோண்டினா நல்ல தண்ணி வருமெண்டு நினையாதேங்கோ அண்ணை. மேல கிடக்கிறதுதான் மழைத்தண்ணி. கீழ கடல். கூட இறைச்சியளெண்டால் கடல் மேல வந்திடும்."

பின்னர் நூலகத்தில் படித்தபோது அவர் சொன்னது முற்றிலும் சரியென அறிந்தேன். கடல் சூழ்ந்த மணல் நிலத்தில் நன்னீர், கனத்த உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் அது நிலைக்கும், பேராசைப்பட்டால் உவராகும்.

அம்மா உரப்பையில் மண்ணோடு ஒரு தேயிலைக் கன்றைக் கொண்டுவந்திருந்தாள். நாள்தோறும் இரண்டு கிண்ணம் நீர் வார்த்தாள். கிடுகால் மறைப்புக் கட்டினாள். மூன்று கிழமையில் இலை விளிம்புகள் கருகின. தேயிலைக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். இங்குள்ள மணலோ சிப்பியும் சங்கும் பொடிந்து சேர்ந்தது, காற்றிலோ உப்பு. இதை நான் விளக்கியபோது அம்மா, "அதுக்குத் தெரியுது, எனக்குத்தான் தெரியல" என்று சொல்லிப் பையைக் கிணற்றடியிற் கொட்டினாள். அதே இடத்தில் அம்மாயி ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினாள். அது தழைத்தது.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் தீவைச் சுற்றி நடந்தேன். கரையோர மணல் மேடுகளில் இராவணன் மீசை என்னும் முட்புல்லும் அடம்பன் கொடியும் படர்ந்திருக்கும். திரண்டால்தான் மிடுக்கு என்று நம்மவர் பழமொழியாக்கிய அந்த அடம்பன் கொடி, உண்மையிலேயே மணலைப் பிடித்து நிறுத்தும் காவலாளி என்பதை அங்கே கண்டேன். கொடி அறுந்த இடங்களில் காற்று மணலை அள்ளிச் சென்று கிண்ணம் போலக் குழித்துவிடுகிறது. எங்கள் மலையில் சரிவுகளில் கானு வெட்டி மண்ணைக் காத்தவர் என் தாத்தா. இங்கே அந்த வேலையை ஒரு கொடி கூலியின்றிச் செய்கிறது.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் பார்த்தேன். அதன் சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல். ஆபிரிக்க நிலத்துக்குரிய அம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பர். அந்நியனாக வந்த அது, பல நூற்றாண்டு நின்று, இன்று மன்னாரின் அடையாளமாகிவிட்டது. தெருவெங்கும் திரியும் கழுதைகளும் முன்னொரு காலத்தில் பொதி சுமக்க வந்தவையே. பொதி போயிற்று, கழுதைகள் தங்கிவிட்டன. இந்த ஊரில் வந்தேறி அல்லாதவர் யார் என்ற எண்ணம் எனக்கு ஆறுதலளித்தது என்பதை மறைக்காமற் சொல்கிறேன். ஏனெனில் கடைத்தெருவில் ஒருவர் என்னைச் சுட்டி, "அது தோட்டக்காட்டுப் பொடியன்" என்று சொன்ன நாளும் உண்டு. 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்த எம்மவர் எத்தனையோ ஆண்டு கேட்ட சொல் அது. தமிழர் பூமியிலும் அச்சொல் எங்களைத் தொடர்ந்து வருகிறதே என்று அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

தை மாதத்தில் அக்காவோடு வங்காலைப் பக்கத்துக் களப்புக்குச் சென்றேன். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் சமவாயத்தின் கீழ்ச் சேர்க்கப்பட்ட நிலம் அது. முழங்கால் ஆழ நீரில் பூநாரைகள் வரிசையாகத் தலை கவிழ்த்து நின்றன. ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் மிதந்தன. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் பனிக்குத் தப்பி வருபவை அவை. வீடு திரும்பி இதை அம்மாயியிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டாள்: "அம்புட்டு தூரத்துலருந்து வருதுகளே, அதுகளுக்குப் பிரஜாவுரிமையெல்லாம் யாரு குடுக்கிறா?"

வீட்டார் அனைவரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

வந்து ஆறு மாதமாகியும் அம்மாயி கடற்கரைக்கு வரவில்லை. வீட்டிலிருந்து கடல் பத்து நிமிட நடை. "கால் வலி" என்பாள், "வெயில்" என்பாள். உண்மைக் காரணத்தை அம்மாதான் எனக்குச் சொன்னாள்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பங்கிட்டது. இவ்வெண்களைப் பரீட்சைக்காக மனனம் செய்தவன் நான். அந்த 525,000 என்னும் எண்ணுக்குள் அம்மாயியின் ஒரே அண்ணனும் அவர் மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தனர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. 1973இல் அவர்கள் அட்டன் புகையிரத நிலையத்தில் வண்டியேறினர். தலைமன்னார் போகும் அந்த வண்டிக்கு எம்மவர் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. வண்டி நகர்ந்தபோது அம்மாயி யன்னலைப் பற்றிக்கொண்டு மேடையின் முடிவு வரை ஓடினாளாம். அண்ணன் கோத்தகிரியிலிருந்து சில ஆண்டுகள் கடிதம் எழுதினார். 1984இல் தலைமன்னார்-இராமேசுவரம் கப்பற் சேவை போரினால் நின்றது. அதற்குச் சற்று முன்பே கடிதங்களும் நின்றுவிட்டன. அம்மாயிக்குக் கடல் என்பது அண்ணனைக் கொண்டுபோன ஒன்று; அதன் முகத்தில் விழிக்க அவளுக்கு விருப்பமில்லை.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதைப் பாடமாகப் படித்தவன் நான். கடலையே காணாமல் ஐம்பதாண்டு இரங்கியவள் என் வீட்டிலேயே இருந்தாள்.

அவளைக் கரைக்கு அழைத்துச் சென்றவள் நானல்லன், அயல்வீட்டு அம்மாதான். ஒரு மாலை இருவரும் வேலியோரம் பேசிக்கொண்டிருந்தனர்.

"எங்கட ஆக்களும் ஓடினதுதான் ஆச்சி. 1990இல சண்டை துடங்க, இரவோடிரவா வள்ளத்தில ராமேஸ்வரம் போனம். மண்டபம் முகாமில பதின்மூண்டு வரியம். என்ர இளையவன் பிறந்ததே அங்கதான்."

அம்மாயி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். "மண்டபமா? எங்கண்ணன் மொதக் கடுதாசி அங்கருந்துதான் தாயி போட்டுச்சு."

நான் நூலை மூடிவைத்தேன். தோட்டங்களுக்கு ஆட்சேர்த்த காலத்தில், இலங்கைக்கு வரும் தொழிலாளரை மறித்து நோய் பரிசோதித்தது மண்டபம் முகாமில். ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களை இறக்கித் தங்கவைத்ததும் மண்டபத்தில். போருக்கு அஞ்சி ஓடிய ஈழத்து அகதிகளை ஏற்றதும் அதே மண்டபம். வந்தவரும் போனவரும் தப்பியவரும் ஒரே மணலிற் படுத்தெழும்பியிருக்கின்றனர். கடைத்தெருவிற் கேட்ட அந்தச் சொல்லைச் சொன்னவருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்களா?

மறுநாள் மாலை முச்சக்கர வண்டியில் தலைமன்னார்த் துறைக்குச் சென்றோம். அம்மாயி, அயல்வீட்டு அம்மா, நான். பழைய துறைமேடையின் துருவேறிய இரும்புத் தூண்கள் நீரில் நின்றன. அப்பால் சேதுவின் மணல் தீடைகள் இருக்கும் திசையைக் கடற்பறவைகள் நோக்கிப் பறந்தன. 1914 முதல் எழுபது ஆண்டுக் காலம் மக்களை ஏற்றி இறக்கிய இடத்தில் அன்று மூன்று சிறுவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தனர்.

"அந்தப் பக்கந்தானா?" என்று அம்மாயி கேட்டாள்.

"நேரே தனுஷ்கோடி, அம்மாயி. முப்பது கிலோமீற்றர் அளவில இருக்கும்."

அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் சொன்னாள்: "அட்டன்லருந்து நுவரெலியா போற தூரங்கூட இல்லையே சாமி. இம்புட்டுத்தானா?"

அவ்வளவே. அழவில்லை. அயல்வீட்டு அம்மா அவள் கையைப் பற்றிக்கொண்டார். நீரில் இறங்கிக் காலை நனைத்துவிட்டு, "உப்பா இருக்கு" என்றாள் அம்மாயி, ஏதோ அதை உறுதிசெய்யவே ஐம்பதாண்டு காத்திருந்தவள்போல. அன்று முதல் வாரத்துக்கு ஒருமுறையாவது கரைக்குப் போகிறாள். கருவாடு காயவைக்கும் பெண்களுக்குக் கொழுந்தெடுத்த கதை சொல்கிறாள். அவர்களிடம் மீனின் பெயர்களைக் கற்கிறாள்.

இவ்வாறு சொல்லி முடித்தால் எல்லாம் நலமே நிறைந்தது போலாகும். அது உண்மையன்று. எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து நோக்கினால் தென்கரையின் காற்றாலைகள் தெரியும். 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட 'தம்பபவனி' நிலையத்தில் 30 காற்றாலைகள் உள்ளன. அவற்றின் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. வலசைப் பறவைகளின் வழியிலும் மீனவரின் வாழ்விலும் அவை குறுக்கிடுகின்றன என்பது இவ்வூராரின் முறைப்பாடு. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் இல்மனைற்றுக்காக மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் அமர்ந்தனர். அப்பாவும் அங்கே போய் அமர்ந்தார். "காசல்ரீயில தண்ணிய மறிச்சு, லக்சபானாவுல கரண்டு எடுத்தாங்க. அது எங்க தலைக்கு மேலேயே கம்பியில ஓடிச்சு. லயத்துக்குள்ள நான் குப்பி விளக்குலதான் படிச்சேன்" என்றார். மலையின் நீரும் கடலின் காற்றும் நாட்டுக்கு ஒளி தருகின்றன. அவற்றின் அடியில் வாழ்பவரை யாரும் கேட்பதில்லை என்னும் அவர் வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மன்னாரில் வெள்ளம் வாசற்படி வரை ஏறி நின்றது. மலையிலோ மண் சரிந்தது. எங்கள் பழைய லயத்தாரோடு மூன்று நாள் தொலைபேசித் தொடர்பு கிட்டவில்லை. வெள்ள நீரில் நின்றவாறே அம்மா ஒவ்வோர் எண்ணாக அழுத்திக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் குரல் கேட்டது: லயத்தின் பின்பக்கச் சுவர் விழுந்துவிட்டது, ஆட்கள் பாடசாலையிற் பாதுகாப்பாக இருக்கின்றனர். அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் தப்பினோம் என்பது மகிழ்ச்சி தரவில்லை. தப்ப வழியற்றவரை விட்டுவந்தோம் என்பதே உறைத்தது. இருபது பேர்ச்சஸ் வாங்க அக்காவுக்கு ஒரு நியமனம் கிடைத்தது. பக்கத்துக் காம்பராவின் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

என் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிய வினாவுக்கு இன்னும் முழு விடை கிட்டவில்லை. குறிஞ்சியும் நெய்தலும் நிலத்தின் பெயர்கள். அவற்றின் மேல் உழைப்போருக்கு உரிமை உண்டா என்பது இலக்கணத்துள் அடங்காத வினா. எனினும் ஒன்று அறிந்தேன். எம் மூதாதையருக்கு மன்னார் இறங்கிக் கடந்துபோன கரை. நின்று பார்க்க அவர்களுக்கு நேரம் தரப்படவில்லை. அக்கரையில் நின்று, காற்றின் பெயரையும் கொடியின் பெயரையும் பறவையின் பெயரையும் கேட்டறிய எனக்கு வாய்த்திருக்கிறது. பெயர் அறியாத நிலத்தில் எவரும் குடியிருக்க முடியாது என்றே இப்போது நினைக்கிறேன்.

சென்ற விடுமுறையில் நான் புறப்பட்டபோது அம்மாயி முருங்கைக்காய்க் கட்டொன்றைக் கையில் தந்தாள். "வழியில அட்டனுக்குப் போனா லயத்துல குடு. நம்ம மண்ணுல காய்ச்சதுன்னு சொல்லு" என்றாள்.

'நம்ம மண்' என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன்.